வூடு சுருங்கிய மத்தியானம்

ஜாஸ்மினின் திரை சுருங்கியது.

கொஞ்ச நஞ்சமாக இல்லை. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற மானிட்டர் அது. எதிரில் உட்கார்ந்தால் சினிமாக் கொட்டகையில் முதல் வரிசை டிக்கெட் கிடைத்தவன் மாதிரி கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அதில் விளிம்புக்கு விளிம்பு விரிந்து கிடந்த எழுத்துகள் எல்லாம், பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட மாதிரி, சரசரவென்று இடது மேல் மூலைக்குப் போய் ஒடுங்கின. காலியான இடம் முழுக்கப் புள்ளிகள் நிரம்பின. மணல் மாதிரி, பொடிப்பொடியாக, அசையாத புள்ளிகள்.

சர்வர் வேலையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே இன்னொருத்தர் வந்திருக்கிறார்.

தீபாவளி நாள், மத்தியானம். ஒரகடம் பிளான்ட்டில் லைன் ஓடவில்லை. லைன் ஓடாத பிளான்ட் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும்: ஆயிரம் யானை பிளிறிக்கொண்டிருந்த காட்டில் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் காதுக்குள் ஒரு பள்ளம் விழுமே, அப்படி இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் தகரக் கூரை மழைச் சத்தத்தைக் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் நனைந்த பட்டாசு ஒன்று, வெடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வெடித்தது. சர்வர் அறையின் ஏசியிலோ பனிக்கரடியே சால்வை கேட்கும். அந்தக் குளிரில் சூடான பிளாஸ்டிக் வாசமும், ஈரத் தரை வாசமும், யாரோ மேசையில் விட்டுப்போன அதிரசத்தின் நெய் வாசமும் உறைந்து போய் அங்கங்கே நின்றன. கட்டிடத்தில் ஜாஸ்மின் ஒருத்திதான். வேதக்காரப் பெண், கிறிஸ்துமஸ்தான் அவள் பண்டிகை; தீபாவளி டியூட்டிக்குத் தானே கை தூக்கினவள்.

அவள் வேலை பார்த்தது கார் சீட்டு தைக்கிற கம்பெனியில். ஒரகடத்தில் பெரிய பிளான்ட். மண்ணூர், பிள்ளைப்பாக்கம், வாலாஜாபாத் என்று அதற்கு மூன்று குட்டிகள். நாலு ஊர், நாலு சர்வர். ஒவ்வொன்றுக்கும் ஆள் போய்க் குனிந்து பார்ப்பதென்றால் பாதி ஆயுள் கம்பெனி பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். அதனால் ஒரே திரையை நாலு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சர்வரைக் கட்டிப்போட்டு, ஒரகடத்து நாற்காலியில் இருந்தபடியே நாலையும் மேய்க்கிறதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. டீமக்ஸ் என்பார்கள். நாலு கட்டமும் சேர்ந்த மொத்தத்துக்கு செஷன் என்று பேர். அதன் விசேஷம் என்னவென்றால், ஆள் எழுந்து போனாலும் அது சாகாது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள்; அது பாட்டுக்கு சர்வருக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். திரும்பி வந்தால் விட்டது விட்டபடி இருக்கும்.

இன்னொன்று. ஒரே செஷனுக்குள் ரெண்டு பேர் ரெண்டு ஊரிலிருந்து நுழையலாம். இவர் தட்டுவது அவருக்குத் தெரியும், அவர் தட்டுவது இவருக்கு. ஆனால் ரெண்டு திரையில் எது சின்னதோ அந்த அளவுக்குத்தான் ரெண்டு பேருக்கும் காட்டும். பெரிய திரைக்காரர் சின்னத் திரைக்காரருக்காகச் சுருங்கிக்கொள்ள வேண்டும்.

"கல்யாணம் மாரி" என்பான் ஜோயல்.

ஜோயல் அவள் புருஷன். அதே கம்பெனி, அதே டிபார்ட்மெண்ட், எதிர் ஷிப்ட். அவனிடம் ஒரு லேப்டாப் இருந்தது. அதைத் திறந்தால் டிபன் பாக்ஸ் என்று நினைத்து கேன்டீன் பூனை பின்னாலேயே வரும், அவ்வளவு குட்டி. வாலாஜாபாத் வீட்டில் அவன் அதைத் திறந்து உள்ளே வந்தானென்றால் ஒரகடத்தில் இவளுடைய ராட்சசத் திரை பொசுக்கென்று ஒடுங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும். இவள் ஷிப்ட் முடிந்து வீடு சேரும்போது அவன் ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததைவிட அந்த நாலு கட்டத்துக்குள் குடும்பம் நடத்தியதுதான் அதிகம். அதனால் செஷனுக்கு 'வூடு' என்றே பேர் வைத்துவிட்டான். "வூட்டுல கீறியா?" என்று போனில் கேட்டால் வாலாஜாபாத் வீட்டை அல்ல, இதைத்தான் கேட்கிறான் என்று அர்த்தம்.

பேசிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். வரியின் முதலில் # போட்டுவிட்டால் அது மனுஷனுக்கான பேச்சு, மெஷின் காதில் வாங்காது. # போடாமல் தட்டினால் அது கட்டளை; மெஷின் செய்தே தீரும், தெரியாத கட்டளையாக இருந்தால் 'அப்படி ஒன்று கிடையாது' என்று முகத்திலடித்த மாதிரி சொல்லும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, முன்னால் ஒரு # வைத்து, நாலு ஊர் சர்வர் மேலேயும் கொஞ்சிக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், குழம்புக்கு உப்பு போட்டாயிற்றா என்று கேட்டார்கள். உலகத்தில் வேறெந்த ஜோடியும் இத்தனை கோடி ரூபாய் மெஷினை வைத்து உப்பு விசாரித்திருக்காது.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், மழை. லைன் நின்றுபோய், சூப்பர்வைசர்கள் போனில் கத்த, ஜாஸ்மின் நாலு கட்டத்தையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் திரை ஒடுங்கியது. லீவில் வீட்டில் இருந்தவன் வந்துவிட்டான், கொஞ்சுவதற்கு. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, எழுத்து எல்லாம் எறும்பாகிவிட்டது. மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போவதற்கு ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தாள். எத்தனையோ தடவை விளையாட்டாக அடித்ததுதான். திரை பழையபடி விரிந்தது. வாலாஜாபாத் கட்டத்தில் அவன் தட்டிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றது.

# சாப்ட்டியா, இல்லன்னா நா

வெளியே தள்ளப்பட்டவன் பைக்கை எடுத்தான். ஒரகடத்துக்கு வந்துகொண்டிருந்தான். கன்டெய்னர் லாரி.

பெட்டியை மூடியேதான் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். திறக்கச் சொல்லி அவள் கேட்டபோது மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா" என்றார். அந்த டிபன் பாக்ஸ் லேப்டாப்பும் பையோடு, அவனோடு, சக்கரத்துக்கு அடியில் போயிற்று.

ஆனால் வூடு இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவள் அதை மூடவில்லை. மற்ற மூன்று கட்டத்திலும் வேலை பார்ப்பாள். வாலாஜாபாத் கட்டத்தைத் தொட மாட்டாள். அந்தப் பாதி வரி அங்கேயே இருக்கும். 'நா' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருக்கும், அவன் போன் எடுக்கப் போயிருக்கிற மாதிரி.

இன்றைக்கு அதையும் அணைக்க வேண்டும். பழைய சர்வர்கள் நாலுக்கும் கடைசி நாள். லீவு முடிந்து ஆட்கள் வரும்போது புது மெஷின்கள் ஓடும். ஒரகடத்து சர்வருக்குள்தான் வூடு இருக்கிறது. அது அணைந்தால் வூடு போயிற்று, பாதி வரியும் போயிற்று. அதற்காகத்தான் அவள் டியூட்டி கேட்டு வாங்கியது. வேறு யார் கையாலும் அது வேண்டாம் என்று.

அப்போதுதான் திரை சுருங்கியது.

முதலில் அவள் மேனேஜர் ஹேமந்த்துக்குப் போன் போட்டாள்.

"சார், நீங்க செஷனுக்குள்ள வந்தீங்களா?"

"நான் எங்கம்மா வரது. மாமியார் வீட்டுல கையில பஜ்ஜியோட உட்கார வச்சிருக்காங்க. லேப்டாப்பைத் தொட்டா தீபாவளி சீரைத் திருப்பி வாங்கிடுவாங்க. இன்னா, அணைச்சாச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"சீக்கிரம் முடிச்சிட்டு வூட்டுக்குப் போம்மா" என்றார் அவர், பஜ்ஜியை மென்றபடி. அந்த வார்த்தை அவளுக்குள் எங்கே போய் இடித்தது என்று அவருக்குத் தெரியாது.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டச் சொல்லிக் கேட்டாள். ரெண்டு வரி வந்தது. ஒன்று அவள். இன்னொன்றில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஜோயலின் பேர் இருந்தது. எங்கிருந்து என்று காட்டும் இடம் வெறுமையாக இருந்தது.

யாரோ பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். அப்படித்தான் இருக்கும். மனசு அப்படிச் சொன்னது, கை மட்டும் குளிர்ந்தது. ஏசி, என்று கைக்கும் ஒரு சமாதானம் சொன்னாள். வேலையைப் பார்ப்போம் என்று, மேசையில் கேட்டுக்கு ஒன்றாக இருந்த நாலு போன்களிலும் வரிசையாக அடித்தாள். சர்வர் அணைந்தால் விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷினும் கதவும் வேலை செய்யாது, உள்ளே யாராவது மாட்டிக்கொள்ளக் கூடாது.

வாலாஜாபாத் கேட்டில் கனகலட்சுமி. "உள்ள ஒரு ஈ காக்கா இல்ல மேடம். நான் ஒருத்தி, எதிர்ல ஒரு நாயி. அதுக்கும் இன்னிக்கி லீவு போலகீது, கொலைக்கக்கூட மாட்டேங்குது."

பிள்ளைப்பாக்கத்தில் மகாராஜா, திருநெல்வேலிக்காரர். "யாருமில்ல மேடம். நீங்க சாப்பிட்டியளா? வீட்டுல இருந்து முறுக்கு அனுப்பிருக்காவ, கல்லு கணக்கா இருக்கு. கேட்டுக்கு முட்டுக் குடுக்க வச்சிருக்கேன்."

மண்ணூரில் சுப்பன். "இன்னா மேடம், நல்ல நாளும் அதுவுமா. அணைச்சிக்கோ, இங்க எவனும் இல்ல."

ஒரகடத்துச் சின்னப்பையன், பேர்தான் சின்னப்பையன், ஆள் கேட்டை விட அகலம். "கேட்டு சாத்திதான் கீது மேடம், என்னத் தாண்டி எவன் வருவான்" என்றார். நியாயமான கேள்வி.

மனிதக் குரல் கேட்டதில் கொஞ்சம் தெம்பு வந்தது. போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

வாலாஜாபாத் கட்டத்தில் கர்சர் நகர்ந்திருந்தது.

# சாப்ட்டியா, இல்லன்னா நா எடுத்தாரட்டா

மழைச் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாசக்கணக்காக அந்தப் பாதி வரிக்கு ஆயிரம் முடிவு யோசித்திருக்கிறாள். நா தூங்கறேன். நா கோச்சுக்கறேன். நா போறேன். எடுத்தாரட்டா என்று மட்டும் யோசிக்கவில்லை. சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்த மழையில், சாப்பாடு எடுத்துக்கொண்டு.

அந்தக் கட்டத்துக்குப் போனாள். மூன்று தடவை தப்பாக அடித்து, நாலாவது தடவை சரியாக வந்தது.

# யாரு

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

# இன்னா யாரு. வூட்டுக்காரன்

# விளையாடாதீங்க. யாரு

# ஏன் ஜாசு தள்ளிவுட்ட

ஜாசு என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அது வூட்டுக்கு வெளியே யார் காதிலும் விழுந்ததில்லை.

# லைன் நின்னுபோச்சு ஜோ. எழுத்து தெரியல. அதான்

# கோவமோன்னு நென்ச்சிகினேன்

# இல்ல. இல்ல ஜோ. கோவமில்ல

கர்சர் சிமிட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருண்டு கிடந்த தையல் லைனில், உறை போட்ட மெஷின்கள் வரிசையாகத் தலை குனிந்து நின்றன. கார்காலத்து மத்தியானம், நாலு மணிக்கே வெளிச்சம் கறுத்துவிட்டது. மேலே சர்வரின் பச்சை விளக்குகள் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தன. மூச்சு மாதிரி.

# எங்க இருக்க

# தெர்ல. இருட்டு. மழ கேக்குது. வண்டிங்க மேலயே போவுது

அவள் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

# வலிக்குதா



# வலிக்குது. எந்த எடத்துலன்னுதான் தெர்ல

பிறகு, கேட்காமலே:

# வெளியவே கீறேன் ஜாசு. நீதான தள்ளுன. நீயே கூப்புடு

போன் அடித்தது. அவள் நாற்காலியோடு ஒரு அடி எகிறினாள். ஹேமந்த்.

"ஜாஸ்மின், எலக்ட்ரீஷியன் கூப்பிட்டான், பழைய சர்வர் ரேக்குக்குக் கரண்டை எடுக்கப் போறானாம். அதுக்கு முன்ன அணைச்சுடும்மா, டிஸ்க் போயிடப் போவுது. சிங்க் போட்டு ஒரே அடியா அடிச்சுட்டுக் கெளம்பு."

"சார், ஒரு அரை மணி நேரம்."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

அவர் பஜ்ஜித் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கெட்ட மனுஷன் இல்லை. "அவன் ஆரம்பிச்ச செஷன்தானே அது" என்றார். "எனக்குத் தெரியும்மா. என்னிக்காச்சும் மூடித்தான ஆவணும்."

சிங்க் என்பது இதுதான்: அதைப் போட்டுவிட்டால் ஒரு கட்டத்தில் தட்டுவது நாலு கட்டத்திலும் விழும். நாலு சர்வரையும் ஒருங்கே அணைக்கவோ, நாலுக்கும் ஒரே மருந்தைப் புகட்டவோ போடுவது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்; மறந்தால் ஒரு ஊருக்குச் சொன்னது நாலு ஊரிலும் நடக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஜோயல்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது.

போட்டாள். அணைக்கிற கட்டளையைத் தட்டினாள். நாலு கட்டத்திலும் அந்த வரி ஒரே சமயத்தில் வளர்ந்தது, நாலு கழுத்துக்கு நாலு கயிறு மாதிரி. என்டர் பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

ஒரு அமுக்கு. அவன் போய்விடுவான். வலியும் போய்விடும், இருட்டும் போய்விடும். அப்படித்தான் இருக்க வேண்டும். ரெண்டாவது தடவையும் அவள் கையாலேயே.

புள்ளிகள் நகர்ந்தன.

திரை இன்னும் சுருங்கியது. நாலு கட்டமும் ஒரு தீப்பெட்டி அளவுக்கு ஒடுங்கி, புள்ளிகள் நாலு பக்கமும் நெருக்கி வந்தன. அவன் இருக்கிற இடம் அவ்வளவுதான் போலிருக்கிறது. அவ்வளவு குறுகல். அவ்வளவு இருட்டு. அங்கிருந்துகொண்டு, சாப்ட்டியா என்று.

முடியவில்லை.

அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். கட்டளை ஒவ்வொரு எழுத்தாகப் பின்வாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதில் நாலு கட்டமும் ஒரே கட்டமாகத் தெரிந்தது. அவளுக்கு வேண்டியதும் ஒரே கட்டம்தான். அந்தக் கட்டத்தைப் பார்த்து, அவனை மட்டும் பார்த்து, ரெண்டே எழுத்து தட்டினாள். # போடத் தோன்றவில்லை.

வா

என்டர்.

'அப்படி ஒரு கட்டளை கிடையாது' என்று மெஷின் சொல்லும் என்று எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல், உத்தரவை நிறைவேற்றிவிட்ட மெஷின் எப்படி அடுத்த வரிக்கு வந்து காத்திருக்குமோ, அப்படிக் காத்திருந்தது.

திரை விரிந்தது. புள்ளிகள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்து, எழுத்துகள் விளிம்புக்கு விளிம்பு போய் நின்றன.

உள்ளே இருந்தவன் வெளியேறிவிட்டான். கிளம்பிவிட்டான்.

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பற்றி நினைத்தது அதுதான் முதல் தடவை.

போன் அடித்தது. வாலாஜாபாத் கேட்.

"மேடம்." கனகலட்சுமியின் குரல் அவள் குரலாகவே இல்லை. தாழ்ந்து, தட்டையாக இருந்தது. "நம்ம ஜோயல் சாரு ஹெல்மெட்டு, செவப்பு, பின்னால சிலுவை ஸ்டிக்கரு ஒட்னது."

"வந்துட்டாரா?" என்றாள் ஜாஸ்மின். சந்தோஷம் வாயை முந்திக்கொண்டது. அப்புறம்தான், வாலாஜாபாத்தில் ஏன், என்று தோன்றியது.

"கேட்டுத் தூண் மேல கீது மேடம். என்னயே பாக்குது. கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டேன். பாத்திருக்க வேணாம். வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுது."

லைன் கட்டாயிற்று. அடுத்த போன் அடித்தது.

"மேடம், பிள்ளைப்பாக்கம் மகாராஜா பேசுதேன். பதறாதிய." பதறிக்கொண்டிருந்தது அவர்தான். "வாசல்ல ஒரு சட்டை நிக்கி. நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கி. உள்ள நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. மூச்சு வாங்குது மேடம், நான் கேட்டுட்டேன். ஆனா கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல."

அவள் போனை வைக்கவில்லை. அது கையில் இருந்தபடியே இன்னொரு போன் அடித்தது. மண்ணூர். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

"மேடம், ரெண்டு காலு" என்றான் சுப்பன். போன் வழியாகக் கேட்டது: தண்ணீரில் ஷூ நடக்கிற சத்தம். வட்டமாக. வழி தெரியாமல், வட்டமாக.

திரும்பித் திரையைப் பார்த்தாள். கண் இப்போது தெளிவாக இருந்தது. நாலு கட்டமும் நாலு கட்டமாகத் தெரிந்தன.

வா. வா. வா. வா.

சிங்க்.

எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை.

ஒருத்தன். நாலு ஊர். நாலிலும் உத்தரவு.

மூச்சு வரவில்லை. வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று கேட் பேசியாயிற்று. ஒரகடம் பேசவில்லை. சின்னப்பையனுக்கு அடித்தாள்.

"யாருமே வரல மேடம்" என்றார், கொட்டாவி விட்டபடி. "கேட்டு சாத்திதான் கீது. ஏதோ பூனை மாரி ஒண்ணு கீழ பூந்து போச்சு, அவ்ளோதான்."

வராந்தாவில் சத்தம்.

தரை ஓட்டில் ஈரத் துணியைப் போட்டு இழுக்கிற மாதிரி. சத். நின்றது. சத். நின்றது. கண்ணாடிக் கதவின் கீழ்ப் பாதியில் யாரும் இல்லை. மேல் பாதியிலும் யாரும் இல்லை. சத். சுவரில் ஏறுகிறது. கதவுக்குப் பக்கத்தில் சுவரில்தான் விரல் வைக்கிற மெஷின்.

அந்த மெஷினுக்குள் ஒரு பெண் குரல் உண்டு. விரல் பொருந்தாவிட்டால் வெறும் பீப். பொருந்தினால்தான் பேசும். பிளான்ட்டில் அந்த ஒருத்திதான் எப்போதும் மரியாதையாகப் பேசுவாள் என்று எல்லாரும் கேலி செய்வார்கள்.

"தேங்க் யூ" என்றது மெஷின்.

கதவு விடுபட்டது. ஒரு சாண் திறந்தது.

ஜாஸ்மின் நகரவில்லை. தரையில் ஈரம் ஒரு கோடாக உள்ளே வந்தது. மேசைக் காலைச் சுற்றியது. மேசை அசைந்தது, லேசாக. மண் வாசம், டீசல் வாசம், அதற்கெல்லாம் அடியில், எந்த ஏசியும் உறைய வைக்க முடியாத ஒன்று, அவன் தலையணை வாசம்.

மேசை விளிம்பில் விரல்கள் தெரிந்தன.

வலது கை. நகத்துக்குள் தார். மோதிரம் இருந்தது, அவள் போட்டுவிட்டது, சப்பையாக நசுங்கி, விரலோடு ஒன்றிப் போய்.

அது அவளைத் தேடவில்லை. பழகின இடத்துக்குப் போகிற மாதிரி நேராகக் கீபோர்டுக்குப் போயிற்று. ஒரு நொடி நிதானித்தது. பிறகு தட்ட ஆரம்பித்தது, மெதுவாக. பொத்தான்களுக்கு நடுவில் தண்ணீர் இறங்கியது. சிங்க் இன்னும் போட்டபடியேதான் இருந்தது. நாலு கட்டத்திலும் ஒரே சமயத்தில் வந்தது.

# மீதி எங்க ஜாசு

மூன்று போனும் அடிக்க ஆரம்பித்தன.

அவளுக்குத் தெரியும், இப்போதும் ஒரு வரி போதும். அணைக்கிற கட்டளை, என்டர். நாலு ஊரிலும் எல்லாம் நின்றுவிடும். தூண் மேல் திறந்து திறந்து மூடுகிற வாய், ஏறி ஏறி இறங்குகிற நெஞ்சு, வட்டமாக நடக்கிற கால். எட்டிக் கீபோர்டைத் தொட்டால் போதும்.

தொடப் போனாள்.

கை புரண்டது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாக விரிந்து, ரோட்டைக் கடக்கும்போது அவன் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவானே, அப்படி நீட்டிக்கொண்டு கிடந்தது. காத்திருந்தது.

ஜாஸ்மின் தன் கையை அதில் வைத்தாள்.

அது மூடிக்கொண்டது. இறுக்கமாக, சில்லென்று. மணிக்கட்டுக்கு அப்பால் எதுவும் இல்லை. மழைத் தண்ணீர் மட்டும் அங்கிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.